தொட்டியில் பெட்ரோல் இருந்தும் எஞ்சின் நிற்பது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே விமானம் கட்டிப் பறப்பவர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். மும்பையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டி 2017-இல் பதிவுச் சான்றும் பெற்றவரைப் பற்றியும், கொரோனா முடக்கக் காலத்தில் இங்கிலாந்தில் நான்கு இருக்கை விமானத்தை உருவாக்கிக் குடும்பத்தோடு பறந்த கேரளப் பொறியாளரைப் பற்றியும் நம் இளைஞர்கள் அறிந்துகொள்வது நல்லதே. இறக்கையின் நீளம், எஞ்சினின் குதிரைத்திறன், ஆன செலவு, வீட்டாரின் பொறுமை ஆகிய எல்லாவற்றுக்கும் கட்டுரையில் இடம் இருந்தது. ஆனால் தொட்டியில் இருக்கும் பெட்ரோல் எஞ்சினுக்கு எந்த வழியாகப் போய்ச் சேருகிறது என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் விமானப் பராமரிப்பில் இருந்தவன் என்ற முறையில் அந்த ஒன்றைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன். அது தொட்டிக்குள் இருக்கும் உறிஞ்சுகுழாயின் முனை. விரல் நீளமே உள்ள அந்தப் பகுதி, தொட்டியை மூடி ரிவெட் அடித்த பிறகு கட்டியவர் கண்ணுக்கே தெரிவதில்லை.

நம் ஊரில் கிணற்றுப் பாசனம் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கலைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. கிணற்றில் நீர்மட்டம் இறங்கிப் புட்வால்வு வெளியே தெரிந்துவிட்டால், மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் வாய்க்காலில் தண்ணீர் விழாது. கிணற்றின் மறு மூலையில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் கிடந்தாலும் பயனில்லை. குழாயின் வாய் எங்கே இருக்கிறதோ அங்கே இருக்கும் தண்ணீரே தண்ணீர். அதுபோலவே, உறிஞ்சுகுழாயில் மயிரிழை அளவு விரிசல் விழுந்தால் ஒரு சொட்டு நீரும் வெளியே கசியாது; மோட்டார்தான் ‘காற்று இழுக்கும்’. விமானத்தின் எரிபொருள் தொட்டியில் நிகழும் கோளாறுகளில் பல இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். வேறுபாடு என்னவென்றால், கிணறு சாய்வதில்லை, விமானம் சாய்கிறது. கிணற்று மோட்டாரை நிறுத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றி மறுபடி எடுக்கலாம், 400 அடி உயரத்தில் அதற்கு நேரம் கிடைக்காது.

பழைய மோட்டார் சைக்கிள்களின் ‘ரிசர்வ்’ என்ற ஏற்பாட்டையும் வாசகர்கள் நினைவுகூரலாம். பெட்ரோலைத் திறந்து மூடும் திருகின் மேல் தொட்டிக்குள் இரண்டு வாய்கள் இருந்தன. ஒன்று உயரத்தில், மற்றது அடியில். உயரத்து வாய்க்குக் கீழே பெட்ரோல் இறங்கியதும் வண்டி திணறும், திருகை மாற்றினால் அடிவாய் வழியாக மீதி வரும். அடிவாயும் தொட்டியின் தரையோடு தரையாக இருப்பதில்லை. வீட்டு மேல்நிலைத் தொட்டியில் வெளியேறும் குழாயைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி வைப்பது போல, அழுக்கும் நீரும் அடியில் தங்க இடம் விட்டே அது வைக்கப்பட்டிருக்கும். எனவே எந்தத் தொட்டியிலும் ‘உள்ள எரிபொருள்’ வேறு, ‘எடுக்கக்கூடிய எரிபொருள்’ வேறு. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை விமானத் துறையில் பயன்படா எரிபொருள் என்கிறோம். அதன் அளவைப் பெரிதும் முடிவுசெய்வது உறிஞ்சுகுழாய் முனையின் இடமும் உயரமுமே.

தொழிற்சாலையில் செய்யப்படும் விமானங்களுக்கு இதில் விதிகள் உண்டு. அமெரிக்கச் சிறு விமானங்களுக்கான 23-ஆம் பகுதி விதிகள், 2017-இல் முழுவதும் திருத்தி எழுதப்படும்வரை, இவற்றை எண்களோடு சொல்லிவந்தன. பிஸ்டன் எஞ்சின் விமானத்தின் தொட்டி வாயில் அங்குலத்துக்கு 8 முதல் 16 கண்கள் கொண்ட வலைவடிகட்டி இருக்க வேண்டும். அந்த வலையின் திறந்த பரப்பு வெளியேறும் குழாயின் பரப்பைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு இருக்க வேண்டும். கழற்றிப் பார்த்துத் துடைக்கும் வகையில் அதைப் பொருத்தியிருக்க வேண்டும். அங்குலத்துக்கு 8 கண்கள் என்றால் ஒரு கண்ணுக்கு மூன்று மில்லிமீட்டர். கடுகு எளிதில் புகுந்துவிடும் அளவு. இவ்வளவு பெரிய கண்ணா என்று புதிதாகக் கட்டுகிறவர்கள் வியந்து, நுண்ணிய வலையைத் தேடிப் பிடித்துப் பொருத்துகிறார்கள். அது தவறு. தொட்டிக்குள் இருக்கும் வலையின் வேலை பெரிய துண்டுகளைத் தடுப்பது மட்டுமே: உரிந்த சீலன்ட், மூடியின் ரப்பர்த் துணுக்கு, ரிவெட்டின் உடைந்த தண்டு. நுண்ணிய தூசைப் பிடிக்கும் வடிகட்டி, கை எட்டும் இடத்தில், தொட்டிக்கு வெளியே இருக்க வேண்டும். தொட்டிக்குள் நுண்ணிய வலையை வைத்தால் அது அடைபடும் நாளில் அதைப் பார்ப்பதற்கு யாரும் அங்கே இருக்க மாட்டார்கள்.

வீட்டில் கட்டும் விமானத்துக்கு இந்த விதிகள் கட்டாயமில்லை. வேலையின் பெரும்பகுதியைத் தன் கல்விக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் தானே செய்திருந்தால் போதும் என்பதே அமெரிக்க ஏற்பாடு. அந்தச் சுதந்திரத்தை நான் குறை கூறவில்லை. அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் போன்றவர்கள் கண்ணாடியிழையையும் நுரைப்பலகையையும் வைத்துப் புது வடிவங்களை உருவாக்கியது அந்தச் சுதந்திரத்தால்தான். ஆயினும் விதி விலகிய இடத்தில் காரணம் விலகிவிடுவதில்லை. பெட்ரோல் எந்தப் பக்கம் ஓடும் என்பதைச் சான்றிதழைப் பார்த்து முடிவுசெய்வதில்லை.

அது எந்தப் பக்கம் ஓடும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். இன்று உலகில் மிக அதிகமாக வீடுகளில் கட்டப்படும் உலோக விமானங்கள் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வரிசை. அவற்றில் பக்கவாட்டில் இருவர் அமரும் வகையில் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 80 லிட்டர். தொட்டி இறக்கையின் முன்விளிம்பாகவே அமைந்திருக்கும். நீளம் ஒன்றே கால் மீட்டர் அளவு. இறக்கைகள் உடலிலிருந்து வெளிப்புறமாகச் செல்லச் செல்லச் சற்று மேலே எழும்புகின்றன. அந்த ஏற்றம் சுமார் மூன்றரை பாகை. அதனால் சமமாகப் பறக்கும்போது பெட்ரோல் தானாகவே உட்புறம், விமானியின் பக்கம் வந்து சேரும். உறிஞ்சுகுழாயின் முனை அங்கே, உள்மூலையில், அடியில் இருக்கிறது. திரும்பும்போதும் கவலையில்லை. சரியாகச் சாய்த்துத் திருப்பினால், சரிவாக அமைத்த வளைவில் உரிய வேகத்தில் ஓடும் பேருந்தில் கையிலிருக்கும் தம்ளர்த் தண்ணீர் தளும்பாததுபோல, தொட்டியிலும் பெட்ரோல் தரையோடு ஒட்டியே நிற்கும்.

சிக்கல் பக்கச்சறுக்கலில் வருகிறது. குறுக்குக் காற்றில் இறங்கும் விமானி, காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்கச் சுக்கானை மிதித்து, ஓடுபாதைக்கு நேராக வருவார். இதில் விமானம் திரும்புவதில்லை. ஆகவே பெட்ரோல் விமானத்தின் சாய்வைப் பின்பற்றாமல் பூமியின் மட்டத்தைப் பின்பற்றுகிறது. தாழ்த்தியது 6 பாகை என்று கொள்வோம். அந்த இறக்கைக்கு இயல்பாக இருந்த மூன்றரை பாகை ஏற்றம் கழிந்து, இரண்டரை பாகை இறக்கமாகிவிடும். ஒன்றே கால் மீட்டர் நீளத் தொட்டியில் அது ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மட்ட வேறுபாடு. சில லிட்டரே மிஞ்சியிருந்தால் அது மெல்ல மெல்ல, இடையிலுள்ள தடுப்புகளின் துளைகள் வழியாக, இறக்கை நுனியை நோக்கி நகர்ந்துவிடும். உள்மூலையில் குழாயின் வாய் காற்றில் நிற்கும். உயர்ந்திருக்கும் எதிர் இறக்கையின் தொட்டியில் பெட்ரோல் இன்னும் அழுத்தமாக உள்மூலைக்கே வரும். எனவே குறைந்த எரிபொருளோடு பக்கச்சறுக்கலில் இறங்க நேர்ந்தால் உயர்ந்த இறக்கையின் தொட்டியிலிருந்து எடுக்க வேண்டும் என்பது அனுபவமுள்ளோர் சொல்லும் பாடம். அது மனப்பாடம் செய்ய வேண்டிய விதியே இல்லை. ஒரு தட்டில் சிறிது தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பார்த்தால் விளங்கிவிடும்.

முன்பின் சாய்வும் இதே கணக்குத்தான். ஏறும்போது மூக்கு உயரும், பெட்ரோல் பின்சுவருக்குப் போகும். இறங்கும்போது மூக்கு தாழ்ந்தால் முன்விளிம்புக்கு வரும். குழாய் முனையை முன்னால் வைத்தால் ஏற்றத்தில் வறளும், பின்னால் வைத்தால் இறக்கத்தில் வறளும். பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் பின்னால்தான் வைக்கிறார்கள். எஞ்சின் முழு வலுவில் பெட்ரோல் கேட்கும் நேரம் ஏற்றம் என்பதால் அது நியாயமானதே. ஆனால் பின்னால் வைத்ததால் வரும் ஒரு ஆபத்து உண்டு. அதைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் குறைவு. 180 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றுக்குப் பெட்ரோல் கொண்டுசெல்லும் 3/8 அங்குலக் குழாயின் உள்பரப்பு சுமார் 47 சதுர மில்லிமீட்டர். தொட்டியிலிருந்து எஞ்சின்வரை மூன்று மீட்டர் என்றால் அதில் நிற்பது 140 மில்லிலிட்டர், ஒரு தம்ளருக்கும் குறைவு. இறக்கத்தில் எஞ்சின் மிகக் குறைந்த வேகத்தில் சுழலும்போது, மணிக்கு ஆறு லிட்டர் அளவில் அது குடிக்கிறது என்று வைத்தால், குழாயில் இருப்பது ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்கும். ஆகவே தொட்டியின் வாயில் காற்று நுழைந்ததை விமானி அப்போது அறிய மாட்டார். எஞ்சின் சீராகவே ஓடும். காற்றுக் குமிழ் குழாயின் பாதி வழியில் அமைதியாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஓடுபாதையில் நாயோ மாடோ குறுக்கே வந்து, இறங்குவதைக் கைவிட்டு மறுபடி எழும்ப அவர் முழு வலுவைக் கொடுத்த சில விநாடிகளில் அந்தக் குமிழ் எஞ்சினை அடையும். மூக்கு உயர்ந்துவிட்டதால் தொட்டியில் பெட்ரோல் திரும்பவும் குழாயின் வாய்க்கு வந்திருக்கும். ஆனால் அந்தப் புதிய பெட்ரோல் மூன்று மீட்டரைக் கடந்து எஞ்சினுக்கு வந்து சேர, மணிக்கு அறுபது லிட்டர் கணக்கில், எட்டு விநாடிக்கு மேல் ஆகும். தரைக்கு மிக அருகே, வேகம் குறைந்து, மூக்கு உயர்ந்த நிலையில் எட்டு விநாடி என்பது எவ்வளவு நீளம் என்பதை விமானம் ஓட்டியவர்களே சொல்ல வேண்டும். பிறகு விபத்தை ஆராய்வோர் தொட்டியைத் திறந்தால் அதில் சில லிட்டர் பெட்ரோல் இருக்கும்.

இதைத் தடுக்க வழிகள் உண்டு. குழாய் முனையைச் சுற்றி ஒரு சிறு அறை அமைத்து, உள்ளே மட்டும் திறக்கும் மடக்குக் கதவு வைப்பது ஒன்று. உள்ளே வந்த பெட்ரோல் உடனே வெளியே ஓடாது. ஒன்றிரண்டு லிட்டர் கொள்ளும் இடைத்தொட்டியை உடலின் அடியில் வைப்பது மற்றொன்று. தலைகீழாகப் பறக்க விரும்புவோர் வளையும் குழாயின் நுனியில் எடை கட்டிவிடுகிறார்கள். பெட்ரோல் எங்கே ஓடுகிறதோ அங்கே அந்த நுனியும் விழும். இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அந்தக் குழாயின் ரப்பர் ஆண்டுகள் செல்லச் செல்ல விறைத்துப்போகும். விறைத்த குழாய் விழுவதில்லை, தொட்டியின் நடுவே அசையாமல் நிற்கும். தலைகீழாகப் பறக்கவே போகாதவர்கள் இதைப் பெருமைக்காகப் பொருத்துவதைவிட அசையாத குழாயே நல்லது.

இனி ‘காற்று இழுக்கும்’ கோளாற்றுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கலிபோர்னியாவில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, மருமகன் தம் நண்பரோடு சேர்ந்து வாங்கியிருந்த ஒரு விமானத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவர்கள் கட்டியது அன்று. வேறொருவர் கட்டியதை வாங்கியிருந்தார்கள். இடத் தொட்டி நிறைந்திருக்கும்போது எஞ்சின் குறையில்லாமல் ஓடியது. பாதிக்குக் கீழே இறங்கியதும் அவ்வப்போது இருமியது; எரிபொருள் அழுத்தமானி நடுங்கியது. வலத் தொட்டிக்கு மாற்றினால் சரியாகிவிடும். பழுது பார்க்க ஒப்படைத்த பட்டறையில் ஸ்பார்க் பிளக்கை மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டினார்கள், பம்பையும் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் தொட்டியை நிரப்பி எஞ்சினை ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். நிரப்பியதும் சரியாகிறது என்பதே நோயின் அடையாளம் என்று அங்கே எவருக்கும் தோன்றவில்லை.

நான் கேட்டுக்கொண்டபடி இடத் தொட்டியின் உள்ளோரத் தகட்டைத் திறந்தார்கள். உறிஞ்சுகுழாயைத் தொட்டிச் சுவரோடு இணைக்கும் நட், தொட்டிக்குள்ளே, விரலால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. வெளிப்பக்கத்துக் குழாயை யாரோ இறுக்கியபோது, சுவரில் உள்ள இணைப்பும் சேர்ந்து திரும்பி, உள்நட்டைத் தளர்த்தியிருக்கிறது. அந்த நட் தொட்டியின் பாதி உயரத்தில் இருந்தது. பெட்ரோல் அதற்கு மேலே இருக்கும்வரை அந்த இடைவெளி வழியாகவும் பெட்ரோல்தான் உள்ளே போயிற்று. கீழே இறங்கியதும் காற்று போயிற்று. வெளியே ஒரு சொட்டும் கசியாத ஓட்டை அது. கசியாததால் அதை யாரும் தேடவில்லை. இணைப்பு திரும்பாதபடி ஒரு சிறு தகட்டைப் பூட்டி, நட்டுக்குப் பாதுகாப்புக் கம்பி முறுக்கிவிட்டால் முடிந்தது. அரை மணி நேர வேலை. இதே தளர்ச்சியின் காரணமாக இத்தகைய தகடும் கம்பியும் இன்று பல கட்டுமான வரைபடங்களில் சேர்ந்துவிட்டன. பழைய விமானங்களில் அவை இருக்கின்றனவா என்பதை ஒவ்வொருவரும் திறந்துதான் பார்க்க வேண்டும்.

தாழ் இறக்கை விமானங்களில் இரண்டு தொட்டிகளையும் ஒருசேரத் திறந்துவைக்க முடியாததற்கும் காரணம் இதுவே. செஸ்னா 172 போன்ற உயர் இறக்கை விமானத்தில் பெட்ரோல் தன் எடையாலேயே கீழே இறங்குகிறது. அங்கே ‘இரண்டும்’ என்ற நிலை உண்டு. தாழ் இறக்கையில் பம்பு உறிஞ்ச வேண்டும். இரண்டு ஸ்ட்ராவை வாயில் வைத்து, ஒன்றை இளநீரிலும் மற்றதைக் காற்றிலும் பிடித்துக்கொண்டு உறிஞ்சினால் இளநீர் வராது. ஒரு தொட்டியின் வாய் வறண்டாலே பம்பு மற்றதை விட்டுவிட்டுக் காற்றை இழுக்கும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு தொட்டி; மாற்றுவது விமானியின் கை. அந்தக் கை வால்வை எளிதில் எட்ட வேண்டும்.

எட்டாமல் போனதால் நேர்ந்ததை உலகம் அறியும். அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது ரூட்டன் வடிவமைத்த, ‘லாங் ஈஸி’ என்று அழைக்கப்படும் சிறு விமானம். வேறொருவர் கட்டியதை அண்மையில்தான் வாங்கியிருந்தார். வரைபடத்தில் தொட்டி மாற்றும் வால்வின் கைப்பிடி விமானியின் முன்னால் இருந்தது. கட்டியவரோ, பெட்ரோல் குழாய்கள் விமானி அமரும் அறைக்குள் வரக்கூடாது என்ற எண்ணத்தில், அதை விமானியின் இடத் தோளுக்குப் பின்னே வைத்துவிட்டார். எண்ணம் நல்லெண்ணமே. ஆனால் அந்தக் கைப்பிடியைத் திருப்ப வேண்டுமானால் இருக்கையில் உடலைத் திருப்பிப் பின்னால் கையை நீட்ட வேண்டும். அப்படித் திரும்பும்போது கால் தன்னையறியாமல் வலச் சுக்கானை ஊன்றும். எந்த நிலை எந்தத் தொட்டிக்கு என்ற குறியும் அதில் இல்லை. அளவு காட்டும் கண்ணாடிகளிலும் குறியில்லை. புறப்படும் முன் எரிபொருள் நிரப்ப வேண்டாம் என்று அவர் கூறியிருக்கிறார். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அந்தக் கைப்பிடியைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி, தவறுதலாக வலச் சுக்கான் மிதிபட்டு விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்றும், எரிபொருள் நிரப்பாமல் கிளம்பியதும் காரணம் என்றும் முடிவு கூறியது. கட்டியவர் வால்வை வைத்த இடத்தையும், குறியிடப்படாத அளவுக் கண்ணாடிகளையும், அந்த வகை விமானத்தில் டென்வருக்குப் போதிய பயிற்சியும் பழக்கமும் இல்லாததையும் துணைக் காரணங்களாகச் சேர்த்தது. ஒரு புகழ்பெற்ற மனிதரின் இறப்பு என்பதால் அந்த அறிக்கையைப் பலர் படித்தார்கள். பெயர் தெரியாத எத்தனையோ பேரின் அறிக்கைகளில் இதே சொற்கள் இருக்கின்றன என்பதுதான் என் வருத்தம்.

அதே வாரியம் 2012-இல் வீட்டில் கட்டப்பட்ட விமானங்களைப் பற்றித் தனி ஆய்வு ஒன்றை வெளியிட்டது. 2011-ஆம் ஆண்டு நடந்த விபத்துகளை ஆராய்ந்ததில், எஞ்சின் வலு இழப்பதும் பறக்கையில் கட்டுப்பாட்டை இழப்பதும் முன்வரிசையில் நின்றன. விபத்துக்குள்ளானவற்றில் பாதிக்கு மேற்பட்டவை, ஓட்டியவர் தாமே கட்டாமல் பிறரிடம் வாங்கிய விமானங்கள். முதல் பறப்புக்கு முன் எரிபொருள் அமைப்பைத் தரையில் இயக்கிச் சோதிக்க வேண்டும் என்று வாரியம் பரிந்துரைத்தது. நான் இந்தக் கடிதத்தை எழுதுவதே அந்தச் சோதனைக்காகத்தான்.

சோதனை எளியது. ஒரு நாள் போதும். விமானத்தின் வாலைத் தாழ்த்தியோ மூக்குச் சக்கரத்தின் அடியில் கட்டை கொடுத்தோ, அது ஏறக்கூடிய மிகச் செங்குத்தான சாய்வில் நிறுத்த வேண்டும். ஒரு தொட்டியில் மட்டும் அளந்து சில லிட்டர் ஊற்ற வேண்டும். எஞ்சினுக்குள் நுழையும் இடத்தில் குழாயைக் கழற்றி அளவுப் பாத்திரத்தில் விட்டு, பம்பை ஓட்டி, கடிகாரம் பார்க்க வேண்டும். முழு வலுவில் எஞ்சின் குடிப்பதைப்போல், பம்பு வைத்த அமைப்பில் ஒன்றே கால் மடங்கும், தன் எடையால் இறங்கும் அமைப்பில் ஒன்றரை மடங்கும் வர வேண்டும் என்பது பழைய விதிகளின் அளவுகோல், அதையே கொள்ளலாம். பிறகு ஓட்டத்தில் முதல் குமிழ் தெரியும்வரை இறைத்து, அந்தக் கணத்தில் நிறுத்தி, தொட்டியில் மிஞ்சியதை வடிகால் வழியே இறக்கி அளக்க வேண்டும். வெளியே வந்தது எவ்வளவு என்பதில் அக்கறை வேண்டாம். உள்ளே நின்றது எவ்வளவு என்பதே நமக்கு வேண்டிய எண். இதையே மூக்கைத் தாழ்த்தி ஒரு முறையும், அந்தத் தொட்டி உள்ள இறக்கை தாழும்படி சாய்த்து ஒரு முறையும், அடுத்த தொட்டியில் மறுபடியும் செய்ய வேண்டும். கிடைத்த எண்களில் மிகப் பெரியது எதுவோ அதுவே அந்தத் தொட்டியின் பயன்படா எரிபொருள். வெட்டவெளியில், மின்பொறி எதுவும் அருகில் இல்லாமல், விமானத்தையும் பாத்திரத்தையும் கம்பியால் தரையோடு இணைத்து, தீயணைப்பானை எட்டும் தொலைவில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும் என்பதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். தொட்டியின் மூடியைத் திறந்துவைத்துச் சோதிக்கக்கூடாது. காற்றுத் துளை அடைபட்டிருந்தால் அது மூடி மூடிய நிலையில்தான் வெளிப்படும். நம் வீட்டுச் சாவித்துவாரத்தில் மண்கூடு கட்டும் குளவி, விமானத்தின் காற்றுத் துளையிலும் கட்டும்.

இந்தியாவில் சிறு விமானங்களை வைத்திருப்போர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. நம் பெட்ரோல் நிலையங்களில் இப்போது கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. இலகு விமானங்களில் பரவலாக உள்ள ரோடாக்ஸ் 912 எஞ்சினுக்கு அதன் தயாரிப்பாளர் அனுமதிப்பதோ 10 விழுக்காடுவரை மட்டும். எஞ்சினை விடுங்கள், எத்தனால் தொட்டியின் உட்பூச்சையும் பழைய ரப்பரையும் இளக்கக்கூடியது. முற்காலத்தில் தொட்டிக் கசிவை அடைக்க உள்ளே ஊற்றிச் சுழற்றிய பூச்சுகள் பிற்பாடு ஏடு ஏடாக உரிந்து உறிஞ்சுகுழாயின் வாயை மூடிய நிகழ்வுகள் உண்டு. அந்த ஏட்டின் குணம் விந்தையானது: பம்பு உறிஞ்சும்போது வாயில் ஒட்டி அடைக்கும், எஞ்சின் நின்றதும் விலகி மிதக்கும். தரையிறங்கிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும்.

ஆசிரியர் அவர்களிடம் நான் வேண்டுவது இதுதான். இனி விமானம் கட்டிய இளைஞர் எவரையேனும் தங்கள் செய்தியாளர் பேட்டி காணும்போது, எவ்வளவு உயரம் பறந்தீர்கள் என்று கேட்பதோடு, தங்கள் தொட்டியில் பயன்படா எரிபொருள் எத்தனை லிட்டர், அதை எந்தச் சாய்வில் அளந்தீர்கள் என்றும் கேட்க வேண்டும். அளந்தவர் உடனே சொல்லிவிடுவார். அளக்காதவர் வீட்டுக்குப் போய் அளப்பார். அந்தக் கேள்வி தங்கள் நாளிதழில் அச்சானதைப் படிக்கும் இன்னொருவரும் அளப்பார். பொறியியல் கல்லூரிகளில் ஆளில்லா விமானங்களையும் இலகு விமானங்களையும் செய்யும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். இறக்கைக்குக் கணினியில் காற்றோட்டக் கணக்குப் போடும் அவர்கள், தொட்டியைக் கண்ணாடிப் பெட்டியாகச் செய்து வண்ண நீர் ஊற்றிச் சாய்த்துப் பார்க்க ஒரு பிற்பகலை ஒதுக்கினால் போதும்.

கலிபோர்னியாவில் அந்த நட்டை இறுக்கிய மறுநாள் மருமகனும் நண்பரும் நானும் சேர்ந்து மேற்சொன்ன சோதனையைச் செய்தோம். காலை ஏழு மணிக்குத் தொடங்கி, நீல நிறப் பெட்ரோலை வாளிவாளியாக அளந்து, பிற்பகல் மூன்று மணிக்கு முடித்தோம். இடத் தொட்டியில் 3.1 லிட்டர், வலத் தொட்டியில் 2.4 லிட்டர் எடுக்க முடியாமல் நின்றது. கட்டியவர் விட்டுச்சென்ற குறிப்பேட்டில் இரண்டுக்கும் சுழி என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தில் மருமகன் பழைய எண்ணை ஒரு கோட்டால் அடித்து, புதியதை எழுதி, தேதியிட்டுக் கையொப்பம் இட்டார். அளவுமானிகளின் சுழிக் குறியையும் அந்த எண்களுக்கு ஏற்ப மாற்றி வைத்தார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்,
குரோம்பேட்டை, சென்னை.